கவர் நோட்டில் எழுதாத திகதி

உதயகலாவின் ஸ்கூட்டி ஒழுங்கைக்குள் திரும்பினால் தெல்லிப்பழையில் பாதி வீட்டு ஆண்களுக்குக் கிணற்றடியில் அவசர வேலை வந்துவிடும். மனைவிமார் படலையடிக்கு வந்து, "அவர் இப்பத்தான் வெளிக்கிட்டவர் பிள்ளை" என்பார்கள். அதே நேரம் கிணற்றடியில் வாளி உருளும். உதயகலா அதைக் கேட்காதவள்போல, "அப்ப நாளைக்கு அஞ்சு மணிக்கு வாறன் அக்கா. அந்த நேரம் அவரை வெளிக்கிட வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்று சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்புவாள். அடுத்த நாள் ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்து நிற்பாள்.

அவள் வட்டிக்காரி அல்ல. வாகனக் காப்புறுதி முகவர். ஒன்பது வருடமாக இதே வேலை. யாருடைய மோட்டார் சைக்கிளுக்கு எந்த மாதம் எத்தனையாம் திகதி காப்புறுதி முடிகிறது என்பது, அந்த வீட்டுப் பிள்ளைகளின் பிறந்தநாளை விட அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். வீதியில் ஓடுகிற வாகனத்துக்குச் சட்டம் கட்டாயமாகக் கேட்பது தேட் பாட்டி எனப்படும் மூன்றாம் ஆளுக்கான காப்புறுதியை மட்டும்தான். அது வாகனக்காரனுக்கு ஒரு சதமும் தராது. அவனுடைய வாகனத்தால் அடிபட்டவருக்குத்தான் தரும். எங்கள் ஆட்களின் மண்டையில் ஏறாத இடம் அதுதான். "எனக்கு ஒண்டும் வராதெண்டால் நான் ஏன் பிள்ளை கட்டவேணும்?" என்று படித்த மனிதர்களே கேட்பார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இதே கேள்வியை மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவள் ஒவ்வொரு முறையும் விளங்கப்படுத்துவாள். அவரும் ஒவ்வொரு முறையும் கோயிலுக்குத் தேர் செய்து கொடுக்கிறவர்போல முகத்தை வைத்துக்கொண்டு கட்டுவார்.

பொறுமை அவளுக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊரைவிட்டு எழும்பியபோது அவளுக்கு நான்கு வயது. உடுவிலில் யாரோ ஒருவருடைய காணியில் கொட்டில் போட்டு இருந்தார்கள். அடுத்த வருடம் அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். அண்ணை குகதாசனுக்கு அப்போது பதினைந்து. அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மற்றவர்களின் புகையிலைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார். உதயகலா உயர்தரம் படித்தது, அவளுக்குக் கலியாணம் நடந்தது, புருசன் கட்டாருக்கு வேலைக்குப் போனது, எல்லாமே அண்ணை மண்ணைக் கொத்திச் சம்பாதித்த காசில்தான். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டாத மனிதரிடம் பட்ட கடன் இன்னும் பாரம்.

ஆமி பிடித்திருந்த காணி விடுபட்டு ஊருக்குத் திரும்பிய பிறகு குகதாசன் பழைய லாண்ட்மாஸ்ரர் ஒன்று வாங்கினார். கையால் பிடித்து ஓட்டுகிற இரண்டு சில்லு உழவு இயந்திரம். பின்னால் பெட்டியைக் கொழுவி விட்டால் எரு, கல், மண் எதுவும் ஏற்றலாம். அதுதான் அவருடைய சோறு. அதற்கு வருடா வருடம் காப்புறுதி போட்டுக் கொடுப்பது தங்கையின் வேலை.

குகதாசனின் மனைவி குணலட்சுமி நல்ல மனிசி. ஆனால் அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் வீட்டிலிருந்து காசு வெளியே போகக்கூடாது. மற்ற நாட்களிலும் விளக்கு வைத்த பிறகு போகக்கூடாது. வெள்ளிக்கிழமை கடைக்காரன் மாறி மிச்சத்தைக் கூடுதலாகத் தந்திருந்தாலும் அது சனிக்கிழமை விடிந்துதான் திரும்பிப் போகும். இதைக் குணலட்சுமி புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இந்தப் பக்கத்தில் ஒன்று விட்டு ஒரு வீட்டில் இதுதான் நடைமுறை. உதயகலாவே வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்கு ஒரு கரண்டி உப்புக் கொடுக்க மாட்டாள். அதனால் அவளுக்கு மச்சாளில் குறை சொல்லவும் வாய் இல்லை.

அந்த முறை லாண்ட்மாஸ்ரரின் காப்புறுதி ஒரு வியாழக்கிழமை இரவு பன்னிரண்டு மணியோடு முடிய இருந்தது. உதயகலா செவ்வாய்க்கிழமை போனாள். செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை போனாள். வீட்டில் ஒருவரும் இல்லை. வியாழக்கிழமை அண்ணை மயிலிட்டித் துறைமுகப் பக்கம் கல் ஏற்றப் போய்விட்டுப் பொழுதுபட்டுத்தான் வந்தார். அவள் போய்ச் சேர்ந்தபோது சுவாமிப் படத்தடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குணலட்சுமி விளக்கைப் பார்த்தாள், மச்சாளைப் பார்த்தாள், தேத்தண்ணி போடப் போனாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரமும் போனாள்.

"அண்ணை, நேத்து இரவோடை முடிஞ்சு போச்சு. இனி ரோட்டிலை எடுக்கேலாது."

"நான் இண்டைக்கு எடுக்கேல்லையே" என்றார் குகதாசன்.

"நாளைக்கு எடுப்பியளெல்லே?"

"நாளைக்குக் காலமை வா. காசு எடுத்து வைக்கிறன்."

"நான் என்ரை காசைப் போட்டு இப்பவே எடுத்துவிடுறன். நீங்கள் நாளைக்குத் தாங்கோவன்."

குணலட்சுமி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் எங்களைக் கடன்காரர் ஆக்கப் போறியே மச்சாள்?"

"ஒரு இரவுக்குள்ளை என்னடி வந்திடப் போகுது?" என்று அண்ணையும் சிரித்தார்.

கேட்காமலே எடுத்திருக்கலாம். ஃபோனில் இரண்டு நிமிட வேலை. ஆனால் அன்று அவள் பதினேழு வீடு ஏறி இறங்கியிருந்தாள். கால் உளைந்தது. "காலமை எட்டு மணிக்கு வாறன். அதுக்கு முதல் வெளிக்கிட்டிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு எழும்பினாள். "ஓமோம்" என்றார் அண்ணை.

ஊரில் "ஓமோம்" என்று இரண்டு முறை சொன்னால் அது பாதி ஓம்தான்.

சனிக்கிழமை காலை உடுவில் பக்கம் ஒருவருக்கு எரு கொண்டுபோய்ப் பறிக்கவேண்டி இருந்தது. வெயில் ஏற முதல் போய்விட்டு எட்டு மணிக்குள் திரும்பிவிடலாம் என்று குகதாசன் ஆறு மணிக்கே பெட்டியைக் கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டார். ஆறரை மணிக்கு ஒரு முடக்கில் நாய் ஒன்று குறுக்கே ஓடியது. அவர் வெட்டித் திருப்பினார். எருப் பெட்டி ஒரு பக்கமாக வீசி, கீரைக் கட்டுகளோடு மருதனார்மடம் சந்தைக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஆழ்வாப்பிள்ளையைத் தட்டி விழுத்தியது. பெட்டியின் சில்லு அவருடைய வலது காலில் ஏறி இறங்கியது.

ஏழு பத்துக்கு உதயகலாவின் ஃபோன் அடித்தது. "கலா, ஒரு பிழை நடந்து போச்சு" என்ற குரலைக் கேட்டவுடனேயே அவளுக்கு என்ன பிழை என்று விளங்கிவிட்டது.

அவள் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போனபோது குகதாசன் வெளியே வாங்குப் பலகையில் இருந்தார். விட்டுவிட்டு ஓடவில்லை. அடிபட்டவரை ஓட்டோவில் ஏற்றி, மடியில் கிடத்திக் கொண்டுவந்தவர் அவர்தான். சட்டையெல்லாம் இரத்தம், அதன்மேல் எரு. ஆழ்வாப்பிள்ளைக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. சத்திரசிகிச்சைக்கு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பப் போகிறார்கள். பொலிஸ் லாண்ட்மாஸ்ரரைக் கொண்டு போய்விட்டது.

"பொலிசு இன்சூரன்ஸ் கேட்டவங்கள்" என்றார் அண்ணை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "தங்கச்சியிட்டை இருக்கு, கொண்டு வந்து காட்டுறன் எண்டு சொல்லிப் போட்டன். நாளைக்கு மத்தியானம் மட்டும் நேரம் தந்திருக்கிறாங்கள்."

உதயகலா கைப்பையை மடியோடு அணைத்துக்கொண்டாள்.

"உன்னட்டைக் கையாலை எழுதுற புத்தகம் ஒண்டு இருக்கெல்லே?"

இருந்தது. இப்போது எல்லாம் கணினியில்தான். கட்டிய நாளும் நேரமும் நிமிடமும் அதிலேயே விழுந்துவிடும். ஆனால் சிக்னல் கிடைக்காத இடங்களுக்கென்று கம்பெனி ஒரு கவர் நோட் புத்தகம் கொடுத்திருந்தது. கையால் எழுதிக் கொடுக்கிற தற்காலிகக் காப்புறுதித் தாள். ஒவ்வொரு தாளுக்கும் இலக்கம் உண்டு. அவளுடைய புத்தகத்தில் இன்னும் ஆறு தாள் மிச்சம் இருந்தது. அதில் ஒன்றில் வெள்ளிக்கிழமைத் திகதியைப் போட்டுக் கையெழுத்து வைத்தால், வெள்ளிக்கிழமை பின்னேரத்திலிருந்து லாண்ட்மாஸ்ரருக்குக் காப்புறுதி இருந்ததாக ஆகிவிடும். ஆழ்வாப்பிள்ளைக்குக் கம்பெனி நட்டஈடு கொடுக்கும். அண்ணைக்குப் பெரிய வழக்கு வராது. யாருக்கும் ஒரு குறையும் இல்லை. பொய் சில நேரம் எவ்வளவு வடிவாக வந்து நிற்கிறது பாருங்கள்.

மத்தியானம் அண்ணை வீட்டுக்குப் போனாள். குணலட்சுமி அழுது முகம் வீங்கிப் போயிருந்தாள். "என்னாலை வந்ததுதான் மச்சாள். என்ரை வாயாலை வந்தது. நீ ஒருக்கா எழுதிக் குடு" என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். அண்ணை மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்தார். உதயகலா கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். பேனையை எடுத்தாள். சொந்தக்காரரின் பெயர் எழுதினாள். வாகன இலக்கம் எழுதினாள். கை பழக்கத்தில் ஓடியது. திகதிக் கட்டத்துக்கு வந்ததும் நின்றது.

அந்தக் கட்டம் ஒரு தீப்பெட்டி அளவுகூட இல்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயிற்சி வகுப்பில் இப்படி ஒரு கதை சொல்லியிருந்தார்கள். முந்தின நாளின் திகதி போட்ட தாள் நாலாம் வருடம் பிடிபட்டு, முகவர் நீதிமன்ற வாசலில் நின்றார். அடிபட்டவருக்குக் கிடைக்க இருந்ததும் கிடைக்காமல் போனது. பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமுடியாது. ஆனால் பயம் மட்டும் இல்லை. ஒன்பது வருடமாக வீடு வீடாக ஏறி, இந்தத் தாள் இருந்தால் இருக்கு, இல்லாட்டி இல்லை என்று அவள் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள். கிணற்றடியில் ஒளிக்கிறவர்களும் அதை நம்பித்தான் கடைசியில் கட்டுகிறார்கள். இன்று அண்ணைக்கு எழுதினால் நாளைக்கு எந்த வாயால் சொல்லுவாள்?

"ஏலாது அண்ணை" என்றாள்.

"நான் உன்னட்டை இவ்வளவு காலத்திலை ஏதும் கேட்டிருக்கிறனோ?"

"இல்லை."

"இதுதான் முதல் தரம் கேக்கிறன்."

அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ஆறரைக்கு அடிபட்டது. ஏழு பத்துக்கு நீங்கள் எனக்கு எடுத்தது ஃபோனிலை கிடக்கு. விசாரிச்சால் பிடிபடும் அண்ணை. பேந்து அந்த மனிசனுக்கும் ஒண்டும் கிடையாது."

"பிடிபடாட்டி?"

"பிடிபடாட்டியும் ஏலாது."

தாளுக்குக் குறுக்கே இரண்டு கோடு கீறி 'இரத்து' என்று எழுதினாள். குகதாசன் எழும்பினார். "அப்ப நீ போ" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஏழு கிழமைக்கு மேல் அவர் அவளோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

உதயகலா தெல்லிப்பழைச் சந்தி தாண்டி ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதாள். ஹெல்மெட்டுக்குள் அழுதால் வெளியே தெரியாது. அந்தச் சாமானுக்கு அப்படியும் ஒரு பிரயோசனம் உண்டு.

ஞாயிறு மத்தியானம் குகதாசன் பொலிசுக்குப் போய்க் காப்புறுதி இல்லை என்று சொன்னார். வழக்குப் பதிந்தார்கள். திங்கட்கிழமை உதயகலா கந்தோருக்குப் போய் வெட்டிய தாளைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். மனேஜர் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "எழுதாமல் விட்டது நல்லது. ஆனால் முகவரிலைதான் பிழை எண்டு கோட்டிலை தீர்ப்பு வந்திச்செண்டால் நான் உங்களை வைச்சிருக்கேலாது பிள்ளை" என்றார்.

அன்று பின்னேரமே அவள் ஆழ்வாப்பிள்ளையின் வீட்டைத் தேடிப் போனாள். போகத்தான் வேண்டுமா என்று யாரும் கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். மனம் கேட்கவில்லை. ஆழ்வாப்பிள்ளையின் மனைவி சிவக்கொழுந்து அப்போதுதான் பெரியாஸ்பத்திரியிலிருந்து வந்து, பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றார். பிள்ளைகள் இல்லாத வீடு. உதயகலா தான் யார் என்று சொல்லி, காப்புறுதி வியாழக்கிழமை இரவோடு முடிந்துவிட்டதையும், அதனால் கம்பெனி ஒன்றும் தராது என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

சிவக்கொழுந்து கெட்டிக்காரி. "ஒரு நாள்தானே பிள்ளை பிந்தினது? நீ திகதியை மாத்திப் போடன். கம்பெனியிட்டை இல்லாத காசே?"

"போட்டால் இண்டைக்கு ஓமெண்டுவினம் அம்மா. பேந்து விசாரிச்சுப் பொய்யெண்டு கண்டால் வருசக்கணக்கிலை இழுத்துப்போட்டு ஒண்டும் இல்லையெண்டுவினம். ஐயாவின்ரை காலை வைச்சு நான் சூதாடேலாது."

சிவக்கொழுந்து கையிலிருந்த பையை இறக்கி வைத்தார். பிறகு வளவுக்குப் பின்னால் கையைக் காட்டினார். ஆறு பரப்பில் வெங்காயம். நட்டு இருபது நாள். நாலு நாளாகத் தண்ணீர் இல்லை. வெங்காயத் தாளின் நுனி மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. "அந்த மனிசன் அங்கை காலைப் பற்றிக் கேக்கேல்லை. வெங்காயத்துக்கு ஆர் இறைக்கிறதெண்டுதான் கேக்குது" என்றார்.

ஆழ்வாப்பிள்ளைக்குப் பிழைப்பு அந்த ஆறு பரப்பு. அது போனால் அடுத்த போகத்துக்கு விதை வெங்காயம் இல்லை. காலுக்கு ஆஸ்பத்திரி காசு கேட்காது. வெங்காயத்துக்கு எந்த ஆஸ்பத்திரி? காப்புறுதி இருந்திருந்தால் அதைத்தான் பார்த்திருக்கும். இப்போது பார்க்க ஆள் இல்லை. உதயகலா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இறைக்கிற மெசினின் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். ஐந்தாம் இழுவையில் அது உயிர் பிடித்தது. தோட்டக்காரன் வீட்டுப் பிள்ளைக்குக் கை மறக்கவில்லை. ஆனால் ஒரே ஆள் மெசினையும் பார்த்து, வாய்க்காலையும் வெட்டி, பாத்தி பாத்தியாகத் தண்ணீரையும் மாற்றுவது லேசான வேலையா? முடிந்தபோது கொப்புளம் வெடித்து உள்ளங்கை எரிந்தது.

நாலாம் நாள் விடியற்காலையில் திரும்ப வந்தாள். கிணற்றடியில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. குகதாசன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியோடு வாய்க்காலைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். யார் சொன்னது, எப்படித் தெரிந்தது என்று அவளுக்குத் தெரியாது. அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கடைசிப் பாத்திக்குப் போய் நின்றார். மெசினைத் தொடவில்லை. மெசின் தனக்கு விட்ட வேலை என்று உதயகலாவுக்கு விளங்கியது. அவள் போய் மெசினை இழுத்தாள்.

அப்படியே நாலு நாளுக்கு ஒரு தரம். தண்ணீர் கூடினால் அண்ணை கையைத் தாழ்த்திக் காட்டுவார், அவள் மெசினைக் குறைப்பாள். கடைசிப் பாத்தி நிறைந்ததும் கையை உயர்த்துவார், அவள் நிறுத்துவாள். களை பிடுங்கும்போது அவர் ஒரு கரையிலிருந்து வருவார், அவள் மறு கரையிலிருந்து வருவாள். நடுவில் சந்திக்கிற நேரம் வந்தால் அவர் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். சிவக்கொழுந்து இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து, முதலில் ஒருவருக்கும் பிறகு மற்றவருக்குமாக இரண்டு நடை நடப்பார். "இது என்ன கோதாரி பிடிச்ச கோபமோ" என்று ஒரு நாள் இரண்டு பேருக்கும் கேட்கவே சொன்னார். குகதாசன் கேட்காதவர்போல நின்றார். அது குடும்பத்தில் எல்லோருக்கும் வரும் போலும்.

ஆழ்வாப்பிள்ளை காலுக்குள் கம்பி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கதிரையைத் தோட்டக் கரையில் போட்டு இருந்துகொண்டு, தண்ணீர் கூடிப்போச்சு, பசளை குறைஞ்சுபோச்சு என்று நாள் முழுக்க இருவரையும் ஏசினார். ஏசுகிற அளவுக்கு உயிர் வந்துவிட்டதே என்று உதயகலாவுக்குச் சந்தோசம். ஏழாம் கிழமை வெங்காயம் பிடுங்கினார்கள். அமோக விளைச்சல் என்று சொல்லமுடியாது. ஆனால் விதைக்கும் வைத்து, சந்தைக்கும் கொடுக்கக் காணும்.

அடுத்த கிழமை வழக்கு. யாரும் அவளை வரச்சொல்லவில்லை. அவளாகப் போய் நீதிமன்றத்தின் பின்வாங்கில் இருந்தாள். அவளுடைய வேலை போகுமா நிற்குமா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். அண்ணைக்கு வழக்குப் பேசிய சட்டத்தரணி சிவரூபன் கெட்டிக்காரர். எழும்பிக் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு, பத்திரிகை வாசிக்கிறவர்போலச் சொன்னார்:

"எனது கட்சிக்காரர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். ஆனால் அவருடைய காப்புறுதி முகவர் அவருடைய சொந்தத் தங்கை. புதுப்பிக்கும் பொறுப்பை அவர் தங்கையிடமே நம்பி விட்டிருந்தார். முகவர் உரிய காலத்தில் அதைச் செய்யவில்லை. முகவரின் கவனக்குறைவுதான் இந்த நிலைக்குக் காரணம் என்பதைக் கருத்தில் எடுக்கவேண்டும்."

உதயகலா வாங்கிலிருந்து அரைவாசி எழும்பி, திரும்ப இருந்தாள். இது பொய் என்று எழும்பிச் சொல்ல அவளுக்கு இங்கே இடம் இல்லை. அதை விடக் கொடுமை, அது முழுப் பொய் என்று அவளாலேயே சொல்லமுடியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை இரண்டு நிமிடம் செலவழித்திருந்தால் முடிந்திருக்கும். அவள் அண்ணையின் முதுகைப் பார்த்தாள். அவர் கூண்டுக்குள் அசையாமல் நின்றார். அவர் ஒன்றும் பேசாமல் இருந்தாலே போதும். தண்டனை குறையும். பாரம் அவள் தலையில் இறங்கும்.

நீதவான் ஒரு பெண். கண்ணாடிக்கு மேலால் குகதாசனைப் பார்த்தார். "முகவர் உங்களிடம் வரவே இல்லையா?"

குகதாசன் கூண்டின் கட்டையைப் பிடித்தார். சிவரூபன் மெல்லச் செருமினார்.

"வந்தவ அம்மா" என்றார் குகதாசன்.

"எத்தனை தடவை?"

"நாலு நாள் அடுத்தடுத்து வந்தவ. நாங்கள்தான் நாளும் நேரமும் பார்த்துத் திருப்பி அனுப்பினனாங்கள். தன்ரை காசைப் போட்டு எடுக்கிறன் எண்டும் கேட்டவ. நான் விடேல்லை. வெளிக்கிட வேண்டாமெண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவ. நான் வெளிக்கிட்டனான்." அவர் சிவரூபன் பக்கம் ஒரு முறை திரும்பினார். "லோயர் ஐயா எனக்காண்டித்தான் கதைக்கிறார். ஆனால் தங்கச்சியிலை ஒரு பிழையும் இல்லை அம்மா. பிழை முழுக்க என்ரை."

ஏழு கிழமைக்கு மேல் கேட்காத குரல். அவளுக்கு முகம் காட்டாமல், வேறு யாருக்கோ பதில் சொல்கிற குரல். உதயகலா வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த முறை ஹெல்மெட் இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஆழ்வாப்பிள்ளை ஊன்றுகோலோடு எழும்பி, கேட்காமலே சாட்சி சொன்னார். "இந்த மனிசனும் தங்கச்சியும்தான் அம்மா என்ரை தோட்டத்தைக் காப்பாத்தினவை. தண்ணி மாறத்தான் சரியாத் தெரியாது." சிரித்துவிடக்கூடாது என்று நீதவான் பேனையைப் பார்த்துக்கொண்டார்.

காப்புறுதி இல்லாமல் ஓட்டியதற்கும் கவனமில்லாமல் ஓட்டியதற்கும் தண்டப்பணம் விழுந்தது. லேசான தொகை அல்ல. ஆழ்வாப்பிள்ளைக்கு மாதம் மாதம் நட்டஈடு கட்டவேண்டும். சாரதி அனுமதிப்பத்திரம் ஆறு மாதத்துக்கு இடைநிறுத்தம். குணலட்சுமி இரண்டு காப்பைக் கழற்றிக் கொடுத்து அனுப்பியிருந்தாள். அன்று காலையே அவற்றை அடைவு வைத்துத்தான் அண்ணை வந்திருந்தார். ஒரு நாள் இல்லாமல் போன ஒரு தாளின் விலை அது.

வெளியே வந்தபோது வெயில் சுட்டது. உதயகலா வேப்பமரத்தடியில் ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போவதா, நிற்பதா என்று தெரியவில்லை. குகதாசன் வாசலால் வந்து, தன் மோட்டார் சைக்கிளடிக்குப் போய்த் திறப்பை எடுத்தார். திறப்பைப் போடும்போதுதான் ஞாபகம் வந்தது. அனுமதிப்பத்திரத்தை உள்ளே வாங்கி வைத்துவிட்டார்கள். ஆறு மாதத்துக்கு அவர் ஒன்றையும் ஓட்ட முடியாது. திறப்பைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வாகனம் பார்க்கிறவரிடம் போய், "பின்னேரம் ஆரையும் அனுப்பி எடுப்பிக்கிறன்" என்றார். பிறகு மெல்ல மெல்ல வேப்பமரத்தடிக்கு வந்தார்.

ஐம்பது வயதாகப் போகிற மனிதர். இந்நாள் வரை ஒரு பெண் ஓட்டுகிற வாகனத்தில் பின்னால் ஏறியவர் அல்ல. ஸ்கூட்டியின் முன்பக்கத்தைப் பார்த்தார். பின்பக்கத்தைப் பார்த்தார். குனிந்து சில்லையும் பார்த்தார்.

"உதுக்கு இன்சூரன்ஸ் இருக்கோ?" என்று கேட்டார்.

உதயகலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "வாற மாதம் பன்ரண்டாம் திகதி மட்டும் இருக்கு" என்றாள்.

"அப்ப சரி" என்று அவர் பின்னால் ஏறி, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

சந்தி தாண்டும் வரை ஒன்றும் கதைக்கவில்லை. அதற்குப் பிறகு தொடங்கினார். மெல்லப் போ, பள்ளம் பார், உவன் பஸ்காரன் நிப்பாட்டப் போறான், ஏன் இப்பிடி ஓரத்தாலை போறாய், கோர்ன் அடியன். வீட்டுப் படலையடிக்கு வரும் வரை அவர் வாயை மூடவே இல்லை.